டி டிரைவில் இருந்த சம்பளக் கணக்கு: ஒரு பனியன் கம்பெனி கணினியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2024 சித்திரையில் நடந்தது. இடம், திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் சிமெண்ட் ஷீட் கூரை போட்ட ஒரு பனியன் கம்பெனி. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயனிங், பேக்கிங் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. 40 பேர் வரை வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பீஸ் ரேட். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம்.

அங்கே இருந்தது ஒரே ஒரு கணினி. ஜிஎஸ்டி பில், ஈ-வே பில், சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் போகும் டெலிவரி சலான் எல்லாம் அதில்தான். அதைவிட முக்கியம் பீஸ் கணக்கு. கணக்குப் பார்க்கும் அக்கா தினமும் சாயங்காலம் யார் எந்த ஆபரேஷனில் எத்தனை டஜன் ஓட்டினார்கள் என்று எக்செல்லில் ஏற்றுவார். திங்கள் ஒரு ஷீட், செவ்வாய் ஒரு ஷீட் என்று வாரத்துக்கு ஒரு ஃபைல். சனிக்கிழமை மதியம் அதைக் கூட்டி, முன்பணம் கழித்து, கவரில் போட்டு வைப்பார்கள்.

கணினி 2015ல் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை பிராசசர், 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக்கு இலவசமாக மாற்றிக்கொள்ள விட்டபோது விண்டோஸ் 10 ஆக்கிக்கொண்டார்கள். டிஸ்கைச் சி, டி என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சி 100 ஜிபி, மீதி எல்லாம் டி. விண்டோஸ் சியில், கணக்கெல்லாம் டியில்.

நான் கணினி பழுது பார்ப்பவன். பேக்கப், அதாவது கணக்குக்கு வேறு இடத்தில் இன்னொரு பிரதி, இருக்கிறதா என்று பின்னால் நான் கேட்டபோது ஓனர் சொன்னது: "அதெல்லாம் பத்திரமாத்தானுங்க தம்பி இருக்குது. டி டிரைவுல போட்டு வச்சிருக்கறோம்." இந்தப் பதிலை இந்தப் பக்கம் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன். இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததற்கே அந்தப் பதில்தான் காரணம்.

இரண்டு ஃபார்மேட், ஒரு ஃபோன்

பங்குனி நடுவில் கணினி தானாக ஆஃப் ஆக ஆரம்பித்தது. கூடவே மெதுவாகவும் ஆனது. வழக்கமாகப் பார்க்கும் ஒருவர் வைரஸ் என்று சொல்லி, கணினியைக் கடைக்கு எடுத்துப் போய் சியை ஃபார்மேட் செய்து, அதாவது வெறுமையாக்கி, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். மூன்று வாரம் நன்றாக ஓடியது. மறுபடியும் அதே தொல்லை. மறுபடியும் ஃபார்மேட். இந்தத் தடவை இரண்டு நாள்தான் தாங்கியது. இரண்டு தடவையும் டியில் கை வைக்காததால் கணக்கு அப்படியே இருந்தது. "டியில் போட்டால் போகாது" என்ற நம்பிக்கை இங்கேதான் உறுதியானது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஓனர் எனக்கு ஃபோன் செய்தார். "ஏனுங்க தம்பி, ஃபார்மேட் பண்ணி பத்து நாள்கூட ஆகுலீங்க, மறுக்காவும் நிக்குதுங்க" என்றார். நான் வேறு ஊரில் ஒரு வேலையில் இருந்தேன். நேரில் வராமலே, "டிஸ்க் செக் ஒன்று ஓட்டி விடுங்கண்ணா, சி, டி ரெண்டுக்கும். ராத்திரி முழுக்க ஓடட்டும்" என்று சொல்லி, டிஸ்கில் பிழை தேடித் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையை எப்படிக் கொடுப்பது என்றும் சொல்லிக் கொடுத்தேன். அது தப்பு. அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

புதன் காலையில் வந்து பார்த்தபோது செக்டிஸ்க் 27 சதவீதத்தில் நின்றிருக்கிறது. ஒன்பது மணி வரை பார்த்துவிட்டு பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டார்கள். விண்டோஸ் வந்தது. புதனும் வியாழனும் அடித்துப் பிடித்து வேலை நடந்தது. வெள்ளி 12:40க்கு மறுபடி ஆஃப் ஆகி, அப்புறம் ஆன் செய்தால் விண்டோஸ் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டே காலுக்கு நான் போய்ச் சேர்ந்தேன்.

வெள்ளி மதியம் பார்த்தது

விண்டோஸ் திறக்க 14 நிமிடம் ஆனது. திறந்ததும், கணினி என்ன வேலையில் இருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். டிஸ்க் 100 சதவீதம், ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 0.3 எம்பி. சராசரி மறுமொழி நேரம் 4,800 மில்லி நொடி. நல்ல ஹார்ட் டிஸ்கில் இது பத்து இருபது மில்லி நொடியில் இருக்க வேண்டும்.

100 சதவீதம் என்றதும் ஏதோ பெரிய வேலை நடக்கிறது, வைரஸ் எதையோ காப்பி செய்கிறது என்று நினைப்பது வழக்கம். அந்த எண், டிஸ்க் எவ்வளவு நேரம் "வேலையாக" இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது. கெட்டுப்போன ஒரு செக்டரை, அதாவது டிஸ்கின் ஒரு சின்னத் துண்டை, மறுபடி மறுபடி படிக்க முயன்றுகொண்டிருந்தாலும் அது வேலைதான். வேகம் குறைவு, மறுமொழி நேரம் அதிகம், டிஸ்க் 100 சதவீதம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு முதல் சந்தேகம் டிஸ்க் மீதுதான்.

அடுத்தது, நடந்ததை விண்டோஸ் குறித்து வைக்கும் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவர். ஒன்பது நாளுக்கு முன் ஃபார்மேட் செய்ததால் அந்த ஒன்பது நாள் பதிவுதான் இருந்தது. அதற்கு முந்தைய சாட்சியம் முழுவதும் ஃபார்மேட்டோடு போய்விட்டது. இருந்த பதிவில் கர்னல்-பவர் 41 என்ற குறிப்பு 14 இடத்தில். ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் கணினி நின்று மறுபடி எழுந்தது என்று அதற்குப் பொருள். ஏன் நின்றது என்பதை அது சொல்லாது. அக்காவிடம் கேட்டேன். அந்த ஒன்பது நாளில் கரண்ட் போனது ஒரே ஒரு நாள், மாதாந்திரப் பராமரிப்புக்காக. மீதியை நேரத்தோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே மதியம் 12லிருந்து 4க்குள். ஷீட் கூரை கொதிக்கும் நேரம். இது ஒரு திசையைக் காட்டியது.

அதே பதிவில் டிஸ்க் என்ற பெயரில் 7, 153 என்ற இரண்டு எண்களும் வரிசையாக இருந்தன. 7 என்றால் டிஸ்கில் கெட்ட பகுதி தட்டுப்பட்டது. 153 என்றால் படிக்கவோ எழுதவோ கேட்டு, பதில் வராமல் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. இது இன்னொரு திசை.

கடைசியாக டிஸ்கின் ஸ்மார்ட் பதிவு. இது விண்டோஸ் வைத்திருக்கும் பதிவு இல்லை, டிஸ்க் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்வது. எத்தனை தடவை ஃபார்மேட் செய்தாலும் அழியாது. அதில் இருந்தவை: ஓடிய நேரம் 27,000 மணிக்குச் சற்று மேல், மாற்றி வைத்த செக்டர் (வரிசை எண் 5) 312, காத்திருக்கும் செக்டர் (எண் 197) 184, திருத்த முடியாதது (எண் 198) அதுவும் 184. வெப்பம் 54 டிகிரி.

இவ்வளவையும் பார்த்து முடிக்க 25 நிமிடம் ஆனது. அந்த 25 நிமிடமும் சாகக் கிடக்கும் டிஸ்கில் விண்டோஸ் ஓடிக்கொண்டு, எழுதிக்கொண்டு இருந்தது. ஸ்மார்ட் எண்ணை முதலில் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் ஆஃப் செய்திருப்பேன்.

பெட்டிக்குள்

கேபினெட் கட்டிங் டேபிளுக்கு அடியில், தரையில் இருந்தது. தூசு படக்கூடாது என்று பனியன் துணியில் அளவெடுத்து உறை தைத்துப் போட்டிருந்தார்கள். தையல் அருமை. ஆனால் முன்பக்கக் காற்று வழியும் பின்பக்க ஃபேனும் அதில் மூடிக்கொண்டன.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் பிராசசர் மேல் இருக்கும் ஃபேன் தெரிந்தது. சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கழற்றியபோது அடியில், சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட்சிங்க் தகடே தெரியவில்லை. பஞ்சு, கம்பளி மாதிரி ஒரே தகடாகப் படிந்திருந்தது. ஒரு முனையைப் பிடித்து உரித்தால் முழுதாகக் கையோடு வந்தது, ஒன்றரை விரல் கனம். குறுக்கே பார்த்தால் அடுக்கடுக்காக நிறம்: அடியில் வெள்ளை, அதன்மேல் நேவி ப்ளூ, அப்புறம் சாம்பல், மேலே மெரூன். அக்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெரூன் இப்ப ஓடுற லாட்டுங்க தம்பி. நேவி போன தீவாளிக்கு முன்னால ஓட்டினது." ஆக, இரண்டு ஃபார்மேட்டுக்கும் முன்பிருந்தே, ஆறு மாதத்துக்கும் மேலாக, அந்த ஹீட்சிங்குக்குள் காற்று போகவில்லை. கணினிக்குள் இருந்த பஞ்சை வைத்தே அவர் நாள் கணக்குச் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

பிராசசர் வேலை செய்தால் சூடாகும். அந்தச் சூட்டை நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட்சிங்க் வாங்கி, ஃபேன் காற்றில் விட வேண்டும். விட வழியில்லை என்றால் இன்டெல் பிராசசர் 100 டிகிரியை நெருங்கும்போது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கும் அடங்காமல் ஏறினால் மதர்போர்டு பலகைக்குச் சைகை காட்டி மின்சாரத்தையே வெட்டிவிடும். இது பழுதே இல்லை, எரிந்து போகாமல் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. விண்டோஸுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட அப்போது நேரம் இருக்காது. அதனால்தான் பதிவில் காரணம் இல்லாமல் வெறும் 41 மட்டும் இருந்தது. அன்று, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் சும்மா நிற்கும்போதே பிராசசர் 78 டிகிரி காட்டியது.

ஏன் ஃபார்மேட் செய்ததும் சரியானது போல இருந்தது

ஓனர் கேட்ட நியாயமான கேள்வி இது. "டிஸ்க் கெட்டுப் போச்சுன்னா ஃபார்மேட் பண்ணினப்ப எப்படிங்க தம்பி நல்லா ஓடுச்சு?"

இரண்டு தனித்தனிக் கோளாறு இருந்தது, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டது. முதலில் சூடு. கடைக்கு எடுத்துப் போய் உறை இல்லாமல், தகட்டைக் கழற்றி, மேஜைமேல் வைத்து விண்டோஸ் போடும்போது கணினிக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. அங்கே நிற்கவே இல்லை. திரும்பக் கொண்டுவந்து டேபிளுக்கு அடியில் உறையோடு வைத்ததும் மறுபடி தொடங்கியது. முதல் ஃபார்மேட்டின்போது வெயில் குறைவு, அதனால் மூன்று வாரம். இரண்டாவதன்போது சித்திரை.

டிஸ்க் விஷயம் கொஞ்சம் ஆழமானது. ஒரு செக்டரைப் படிக்க முடியாதபோது டிஸ்க் அதை உடனே ஒதுக்கிவிடாது. உள்ளே யாருடைய தரவோ இருக்கிறதே. அதனால் "காத்திருக்கும்" பட்டியலில் போட்டு வைக்கும். அதே இடத்தில் யாராவது புதிதாக எழுத வந்தால் அப்போதுதான் முடிவு செய்யும்: எழுத முடிந்தால் சரி, இல்லையென்றால் கைவசம் வைத்திருக்கும் மாற்றுச் செக்டர் ஒன்றை அந்த எண்ணுக்குக் கொடுத்துவிடும். குவிக் ஃபார்மேட் டிஸ்க் முழுவதையும் தொடாது. ஃபைல்களின் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதும். அதன்மேல் விண்டோஸ் நிறுவினால் 20 ஜிபி அளவுக்கு எழுதப்படும். அந்த 20 ஜிபிக்குள் இருந்த கெட்ட செக்டர்கள் மட்டும் மாற்றப்பட்டன. விண்டோஸ் சுத்தமான இடத்தில் உட்கார்ந்ததால் வேகமாக ஓடியது. எண் 5ல் இருந்த 312ல் பல அப்படி வந்தவையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் டி பக்கம் யாருமே போகவில்லை. அங்கே காத்திருக்கும் செக்டர்கள் சத்தம் இல்லாமல் காத்துக்கொண்டே இருந்தன, அந்த ஃபைலை யாராவது திறக்கும் வரை. சியும் டியும் ஒரே வட்டத் தகட்டில் போட்ட இரண்டு கோடு, அவ்வளவுதான். ஒரு தோட்டத்தில் நடுவே வரப்புப் போட்டால் இரண்டு கிணறு வந்துவிடாது என்று ஓனரிடம் சொன்னேன். விவசாயக் குடும்பம், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

மெதுவாக ஓடியதற்கு ராமுக்கும் பங்கு உண்டு. 4 ஜிபியில் விண்டோஸ், கணக்கு மென்பொருள், பிரவுசரில் பத்து டேப், வாட்ஸ்அப் எல்லாம் சேர்ந்தால் ராம் நிறைந்துவிடும். இடம் போதாதபோது, உடனே தேவைப்படாத பக்கங்களை விண்டோஸ் டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளும், வேண்டும்போது திரும்ப எடுக்கும். அந்த டிஸ்க் ஐந்து நொடிக்கு ஒரு தரம் மூச்சு விட்டால் கணினி முழுவதும் அதோடு சேர்ந்து நிற்கும். மவுஸ் நகரும், எதுவும் திறக்காது. அக்கா சொன்ன அடையாளம் இதேதான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அப்போது வெள்ளி மூன்று மணி. அடுத்த நாள் சம்பளம். முன்னால் நான்கு வழி இருந்தது.

நாளை சாயங்காலம் வரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்பது ஓனரின் விருப்பம். மறுத்தேன். காத்திருக்கும் செக்டர் 184 இருக்கும் டிஸ்கில் விண்டோஸ் ஒவ்வொரு தடவை எழும்போதும் எங்கேயாவது எழுதும்.

மூன்றாவது ஃபார்மேட் என்பது பேச்சுக்கே இல்லை.

கோவையில் டேட்டா ரெகவரி செய்யும் இடத்துக்கு அனுப்பலாம். டிஸ்கில் டிக் டிக் என்று தட்டும் சத்தம் வந்தாலோ, பயாஸிலேயே தெரியாமல் போனாலோ நான் தொடவே மாட்டேன், நேராக அங்கேதான். இந்த டிஸ்கைக் காதருகே வைத்துக் கேட்டேன். சுற்றும் சத்தம் சீராக இருந்தது, பயாஸில் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிந்தன. அதனால் நானே செக்டர் செக்டராகப் பிரதி எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். பிரதி எடுக்கும்போதே டிஸ்க் நின்றுபோகும் வாய்ப்பும் உண்டு என்பதை ஓனரிடம் சொல்லி, சரி என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஃபோல்டரைப் பிடித்து இழுத்துக் காப்பி செய்யாததற்கும் காரணம் உண்டு. விண்டோஸில் காப்பி செய்யும்போது முதல் கெட்ட இடத்திலேயே சிக்கி, அதையே சுரண்டிக்கொண்டு நிற்கும். நல்ல பகுதி பின்னால் அப்படியே கிடக்கும். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் இருக்கும் டிடி-ரெஸ்க்யூ தலைகீழாக வேலை செய்யும். சிக்கும் இடத்தைத் தாண்டிக் குதித்து, முதலில் நல்ல பகுதியை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் கெட்ட இடங்களுக்குத் திரும்பும். எதுவரை எடுத்தது என்று ஒரு வரைபட ஃபைலும் எழுதிக்கொண்டே போகும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

டிஸ்கைக் கழற்றி என் கடைக்குக் கொண்டுபோனேன். கணினியையும் கூடவே. யூஎஸ்பி டப்பாவில் போடாமல் என் மேஜைக் கணினியின் சாட்டா வயரில் நேரடியாக மாட்டினேன். பிழை வரும்போதெல்லாம் அந்த டப்பாக்கள் இணைப்பையே அறுத்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன்.

வெள்ளி இரவு

ஐந்தரைக்கு ஆரம்பித்தேன். எட்டே காலுக்குள் 99 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. மீதியைச் சுரண்டி எடுக்க விடிய விடிய ஆனது. இதற்கிடையில் டிஸ்க் இல்லாத அந்தக் கணினியைச் சும்மா விடவில்லை. பஞ்சை எல்லாம் பிரஷ்ஷால் எடுத்து, காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இருந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்து, புதிதாக வைத்து, பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட் ஓட்டினேன். ராமைச் சோதிக்க விண்டோஸும் வேண்டாம், ஹார்ட் டிஸ்கும் வேண்டாம். பலகை எழுந்தால் போதும். ஒரு முழுச் சுற்றில் பிழை இல்லை. மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் வோல்டேஜும் சரியாக இருந்தது. ஆக, மிச்சம் கணினி நல்லது. மாற்ற வேண்டியது டிஸ்க் மட்டும்.

காலை 4:40க்குப் பிரதி நின்றது. 500 ஜிபியில் படிக்க முடியாமல் போனது 9 எம்பி.

9 எம்பி என்றால் ஒன்றும் இல்லை என்று தோன்றும். எந்த 9 எம்பி என்பதுதான் கேள்வி. பிரதியில் படிக்க முடியாத இடங்களில் எல்லாம் ஓர் அடையாளச் சொல்லை நிரப்பச் சொன்னேன், டிடி-ரெஸ்க்யூவில் அதற்கு வசதி உண்டு. அப்புறம் பிரதிக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபைலிலும் அந்தச் சொல்லைத் தேடினேன். 31 ஃபைல் சிக்கியது. பெரும்பாலும் விண்டோஸின் ஃபைல்கள், சில ஃபோன் படங்கள், பழைய டிசைன் இரண்டு. கடைசி வரியில் அந்த வாரத்துப் பீஸ் கணக்கு.

டிஸ்க் எழுதிய உடனே அதைப் படித்துச் சரிபார்ப்பதில்லை. அக்கா வியாழன் சாயங்காலம் சேவ் கொடுத்தபோது எந்தப் பிழையும் வராமல்தான் சேவ் ஆகியிருக்கிறது. எழுதிய இடம் பலவீனமான இடம்.

சனிக்கிழமை

எக்செல் ஃபைல் உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம். ஒவ்வொரு ஷீட்டும் அதற்குள் தனித்தனியாகச் சுருட்டி வைத்திருக்கும். ஓட்டை விழுந்தது புதன், வியாழன் ஷீட்டுகளில். திங்களும் செவ்வாயும் முழுதாக வந்தன. வெள்ளிக்கணக்கு இன்னும் ஏற்றவே இல்லை, நோட்டில் இருந்தது.

காலை எட்டு மணிக்கு என் லேப்டாப்போடு கம்பெனிக்குப் போனேன். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் செக்கிங் டேபிளில் இருந்து பண்டில் சீட்டுகளை அள்ளி வந்தார். டெய்லர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பீஸ் கணக்கைச் சின்ன நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். மெஷின் பெட்டியில், சோற்றுப் பை ஓரத்தில், ஒருவர் செல்ஃபோன் கவருக்குள் மடித்து. எல்லாவற்றையும் வரிசையாக வாங்கி, இரண்டு நாள் கணக்கை மறுபடி கட்டினோம். நான் படிக்க, அவர் அடித்தார். இரண்டு பேர் கணக்கில் சீட்டுக்கும் நோட்டுக்கும் மூன்று டஜன் வித்தியாசம் வந்தது. நோட்டில் இருப்பதையே போடச் சொல்லிவிட்டார் ஓனர்.

வழக்கமாக ஐந்து மணிக்குக் கொடுக்கும் சம்பளம் அன்று எட்டே முக்காலுக்குக் கொடுக்கப்பட்டது. காளையார்கோவில் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்யும் இரண்டு பேர் ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

செவ்வாய் இரவு நான் சொல்லி ஓட்டிய செக்டிஸ்கின் விளைவும் அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. டியில் ஃபவுண்ட் என்ற பெயரில் ஒரு மறைந்த ஃபோல்டர், அதில் பெயர் இழந்த 64 ஃபைல் துண்டு. அட்டவணையில் பொருந்தாதவற்றைச் செக்டிஸ்க் அங்கே ஒதுக்கியிருந்தது. பாதியில் பிளக்கைப் பிடுங்கியதும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து 53ஐ அடையாளம் கண்டோம், பெரும்பாலும் போன வருட டெலிவரி சலான். 11 துண்டு இன்றைக்கும் என்னவென்று தெரியாமலே கிடக்கிறது. ஃபைல் அமைப்பைச் சீர்படுத்துவதுதான் செக்டிஸ்கின் வேலை. தரவைக் காப்பது அதன் வேலை இல்லை. கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்கின் ஒவ்வொரு செக்டரையும் அது படிக்க வைக்கும், ஏற்கெனவே சூட்டில் நிற்கும் கணினியில் இரவு முழுக்க.

புதிதாக நிறுவியது

ஞாயிற்றுக்கிழமை 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத டிஸ்க்) ஒன்று, இன்னொரு 4 ஜிபி ராம். ராம் இரண்டு கம்பியாக இருப்பதால் இரட்டை வழியில் ஓடும். எடுத்த பிரதியை அப்படியே எஸ்எஸ்டியில் ஊற்றவில்லை, விண்டோஸின் ஃபைல்களிலேயே ஓட்டை இருந்ததால். சுத்தமாக விண்டோஸ் 10 நிறுவினேன். மதர்போர்டு மாறாததால் இன்டர்நெட்டில் சேர்ந்ததும் உரிமம் தானாகவே செயல்பட்டது. லேபிள் ஒட்டும் பிரிண்டரின் டிரைவர்தான் ஒரு மணி நேரம் தின்றது. மற்றபடி சொல்ல ஒன்றும் இல்லை.

கேபினெட் இப்போது ஆபீஸ் ரூமில், சுவர் ஷெல்ஃபில். துணி உறை கிடையாது. முழு வேலையில் பிராசசர் 66 டிகிரி.

வெளி டிஸ்க் ஒன்று வாங்கினோம். தினமும் ஏழு மணிக்கு, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர் கணக்கு ஃபோல்டரை ஒரு பென் டிரைவுக்குப் பிரதி எடுக்கும். சனிக்கிழமை சம்பளம் போட்டதும் அக்கா வெளி டிஸ்கை மாட்டி, எடுத்து, கழற்றி ஓனரிடம் கொடுப்பார். அது அவர் வீட்டுக்குப் போய்விடும். கழற்றுவது முக்கியம். எப்போதும் மாட்டியே இருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் அதுவும் சேர்ந்து போகும். மூன்று மாதம் கழித்து நான் போனபோது, அந்த டிஸ்கிலிருந்து ஒரு ஃபைலை என் லேப்டாப்பில் திறந்து பார்த்தோம். திறந்தது.

மாற்றிச் செய்வது

இப்போதெல்லாம் "மெதுவாக இருக்கிறது", "தானாக நிற்கிறது" என்று ஃபோன் வந்தால் நான் எந்தக் கட்டளையும் சொல்வதில்லை. ஆஃப் செய்து வையுங்கள், வருகிறேன் என்பதோடு சரி. போனதும் முதல் வேலை ஸ்மார்ட் எண்கள். 197 பூஜ்ஜியம் இல்லை என்றால் பிரதி எடுத்த பிறகுதான் மற்ற எதுவும். விண்டோஸுக்குள் போகாமல், லினக்ஸ் பென் டிரைவில் எழுப்பியே அதைப் பார்க்கிறேன். அந்த 25 நிமிடத்தை இன்னொரு டிஸ்குக்குத் தர மாட்டேன்.

பஞ்சு இருக்கும் இடத்தில் ஹீட்சிங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்கிறேன். ஃபேன் சுற்றுகிறது என்பதால் காற்று போகிறது என்று ஆகாது. ஃபேனைக் கழற்றி அடியில் பார்க்க வேண்டும். ஏர் பிளோயரில் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தாங்கமுடியாத வேகத்தில் சுற்றிக் கெட்டுவிடும்.

முடியாத ஒன்றும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசசர் பட்டியலில் நான்காம் தலைமுறை ஐ3 இல்லை. இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அந்தப் பெட்டியை இனி பில்லுக்கும் இன்டர்நெட்டுக்கும் வைத்திருக்கக் கூடாது என்று ஓனரிடம் சொல்லியிருக்கிறேன். புதிதாக ஒன்று வாங்கிவிட்டு, இதில் லினக்ஸ் போட்டு லேபிள் அடிக்க மட்டும் பேக்கிங்கில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. பழைய ஹார்ட் டிஸ்க் என் அலமாரியில் இருக்கிறது, அடையாளம் தெரியாத அந்த 11 துண்டுக்காக.